வயிரவநாதர் தாம்பூலச் செல்லம்

ஆலங்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தளகர்த்தர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். காட்டிய கையோடு, "அதைத்தான் வித்தாச்சே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. வாங்கியவர் தச்சநல்லூர் காசிலிங்கம் அண்ணாச்சி, அரிசி மண்டிக்காரர். அவர் இங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை. முன்கட்டில் மூட்டை அடுக்குவார், பின்கட்டை இடித்து லாரி திரும்ப வழி பண்ணுவார். வருகிற திங்கட்கிழமை சாவியை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். இன்றைக்குப் புதன்.

விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே பாபநாசத்து மலை இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. கார் சாகுபடிக்கு அணையைத் திறந்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கலங்கி ஓடியது. அதைத் தாண்டி வயலில் நடவுப் பெண்கள் தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு குனிந்த முதுகு நிமிராமல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞானம்பாள் கிணற்றடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லுவது சுலபம். அறுபத்துமூன்று வயதில் இரண்டு முழங்காலும் பழுதாகி, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. உட்காருவதற்குத் துவைகல்லைப் பிடிக்க வேண்டும், எழுந்திருக்கக் கிணற்றுத் தூணைப் பிடிக்க வேண்டும். நடுவில் தேய்க்கிற நேரம் மட்டும்தான் சும்மா இருப்பது.

அவள் முன்னால் பித்தளைச் செல்லம் இருந்தது. வெற்றிலை பாக்குப் போட்டு வைக்கிற பெட்டிதான். ஒரு முழ நீளம், மூடி போட்டது, உள்ளே பாக்குக்கு ஒரு அறை, சுண்ணாம்புக்கு ஒரு சிமிழ். தூக்கினால் நல்ல கனம். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் ஊறின புளி, இன்னொன்றில் சலித்த செங்கல் பொடி. நேற்று ராத்திரியே அவள் வீட்டுக்காரர் அம்மையப்பன் சொல்லிவிட்டார். நாளைக்கு ம்யூசியத்திலிருந்து வருகிறார்கள், செல்லம் தங்கம் மாதிரி இருக்க வேண்டும் என்று. அவள் சரி என்றாள். நாற்பத்தொரு வருஷமாக அவள் அதற்குச் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செல்லம் அவர்கள் வீட்டுச் சாமான் இல்லை. வயிரவநாதருடையது. இருநூறு வருஷத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னப் பாளையத்தின் படைக்கு அவர் தளகர்த்தர். கும்பினிக்காரனோடு மூன்று சண்டை போட்டு, மூன்றாவதில் போனவர் திரும்பவில்லை. அவர் விட்டுப்போனது மூன்று சாமான். பிடி மட்டும் உருப்படியாக இருக்கிற ஒரு வாள், தோல் சுருண்டு கருவாடாகிப் போன ஒரு ஜோடிச் செருப்பு, இந்தச் செல்லம். அவர் தங்கைவழி வந்த குடும்பம் இது. மூன்றையும் ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூசை நடக்கிறது. சண்டையில் மாண்ட மனுஷன் சாமியானது சரி, அவர் வெற்றிலை போட்ட பெட்டியும் அவரோடு சேர்ந்து சாமியானதுதான் ஞானம்பாளின் தலையில் விடிந்தது.

அந்த மரப்பெட்டி இருக்கிற வீட்டில் மாமிசம் கூடாது. அது பரவாயில்லை, அவர்கள் சைவர்கள். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது. பூண்டில்லாமல் உளுந்தஞ்சோறு பொங்கிப் பாருங்கள், தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் செல்லத்தைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, புது வெற்றிலை வைக்க வேண்டும். துலக்குவது வீட்டுப் பெண் வேலை. ஆண்பிள்ளை அதைக் கையால் தொடக் கூடாது, எட்ட நின்று கும்பிட வேண்டும். அவள் தூரமான நாட்களில் அடுத்த வீட்டு வடிவம்மாள் வந்து துலக்கிக் கொடுப்பாள். மற்றபடி வெள்ளிக்கிழமைக்கு ஞானம்பாள் ஆலங்குறிச்சியில் இருந்தாக வேண்டும். தாயார் செத்ததுகூட ஒரு வியாழக்கிழமை. அடக்கம் முடிந்த கையோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து மறுநாள் காலையில் புளி கரைத்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓசூரில் பேத்தி பிறந்தாள். மகன் சிவகணேஷும் மருமகள் பெனிட்டாவும் அங்கே ஒரே கம்பெனியில் வேலை. பெனிட்டா பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பெண், வேதக்கோயிலுக்குப் போகிறவள். அந்தக் கல்யாணத்துக்கு அம்மையப்பன் ஆறு மாதம் பேசாமல் இருந்து, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஞானம்பாள் பேத்தியைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை போய் வியாழக்கிழமை திரும்பியது. பெனிட்டாவின் லீவு ஒன்றாம் தேதியோடு முடிகிறது. "அத்தை, நீங்க வந்தாத்தான் நான் வேலைக்குப் போக முடியும்" என்று அந்தப் பெண் போனில் சொன்னபோது குரல் கம்மியது. அவர்கள் வீட்டில் ஞாயிறானால் கறி வேகும், மற்ற நாள் முட்டை. அதில் ஞானம்பாளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி அந்த வீட்டுக்குள் போக முடியாது.

அம்மையப்பன் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். திருநெல்வேலியில் புதிதாகத் திறக்கப் போகிற அருங்காட்சியகம் பெட்டியை மரியாதையாக ஏற்றுக்கொண்டால் ஓசூர். இல்லாவிட்டால் தச்சநல்லூரில் ஒரு ரூம் வாடகைக்குப் பிடித்து, பெட்டியோடு இரண்டு பேரும் இருந்து கொள்வது. ஆயுசு முடிகிற வரைக்கும் அதுதான். அவர் சொன்னால் சொன்னதுதான், தாலுகா ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் அப்படிப் பெயரெடுத்தவர்.

ஆகவே இன்றைக்கு வருகிறவர்கள் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று ஞானம்பாள் உள்ளூரத் தவித்துக் கொண்டிருந்தாள். கொண்டுபோக மாட்டார்கள் என்பதும் அவளுக்கு ஏறக்குறையத் தெரியும்.

காரணம், எழுத்து. செல்லத்தின் மூடியில் மூன்று வரி வெட்டியிருந்தது. 'வயிரவநாதன் தாம்பூலச் செல்லம். எடுத்த பேர் வைத்த இடத்தில் வைக்கவும்.' படையில் யாரோ அவர் வெற்றிலையைக் களவாடித் தின்றிருக்க வேண்டும், வேறென்ன. அம்மையப்பன் வந்தவர் போனவரிடமெல்லாம் இதை ஒப்பிப்பார். விண்ணப்பத்திலும் எழுதியிருக்கிறார். வாளிலும் செருப்பிலும் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவை யாருடையவை என்பதற்குச் சாட்சி செல்லத்தில் இருக்கிற எழுத்துதான்.

செல்லத்தில் எழுத்து இல்லை. தேய்ந்து போயிற்று. ஞானம்பாள் கல்யாணமாகி வந்தபோது முதல் வரி மங்கல், மற்ற இரண்டும் நன்றாகவே இருந்தன. சிவகணேஷுக்கு அம்மை போட்ட வருஷம் முதல் வரி மொத்தமாகப் போயிற்று. மாமியார் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷத்தில் 'செல்லம்' போயிற்று. ஒவ்வொன்றாக அவள் விரலுக்கு அடியிலேயேதான் போயின. கடைசியாக 'வை' என்று ஒரு எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை துடைத்துவிட்டுப் பார்த்தாள், அதுவும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூடி நிறையச் சந்தனத்தை அப்பி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அம்மையப்பன் வழக்கம்போல எட்ட நின்று மூன்று வரியையும் கணீரென்று சொல்லிக் கும்பிட்டார்.

இப்போதும் தேய்த்தாள். தேய்க்காமல் விட்டால் மட்டும் எழுத்து முளைத்துவிடவா போகிறது.

அருங்காட்சியகத்துப் பெண் பதினொரு மணிக்கு வந்தாள். பிருந்தா என்று பெயர், காப்பாட்சியர். நாங்குநேரிக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். டிரைவரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு தோல்பையோடு சாரலில் நனைந்து உள்ளே வந்தாள். கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, ஞானம்பாள் கொடுத்த சுக்குக் காபியை ஊதி ஊதிக் குடித்தாள். கலகலப்பான பெண். ஆனாலும் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. இந்த மாதம் மட்டும் பதினேழு வீடு ஏறி இறங்கியிருக்கிறாளாம். எல்லார் வீட்டிலும் ஒரு ராஜா வாள் இருக்கிறதாம், பாதிக்குப் பாதி நாடகக்காரர்கள் விட்டுப்போனதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மையப்பன் சிரிக்கவில்லை.

அவர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வயிரவநாதரின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று சண்டையையும் சொன்னார். அந்தப் பெண் நடுவில் ஒரு தடவைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளுக்குப் புண்ணியம் உண்டு. பிறகு ஞானம்பாள் மூன்று சாமானையும் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் பரப்பினாள்.

பிருந்தா கையுறை மாட்டிக்கொண்டு வாள்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல வேலை, காலமும் பொருந்துகிறது என்றாள். செருப்பைத் தொடக்கூடப் பயந்தாள், அத்தனை இற்றுப் போயிருந்தது. இந்த மாதிரி இன்னொன்று இதுவரைக்கும் தான் பார்த்ததில்லை என்றாள். அம்மையப்பனின் முகம் மலர்ந்தது. செல்லத்தை எடுத்தாள். சந்தனத்தைத் துடைக்கலாமா என்று கேட்டாள். அவர் பெருமையாகத் தலையாட்டினார். அவள் ஈரப் பஞ்சால் துடைத்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஞானம்பாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்து எந்தப் பக்கம் என்று பிருந்தா கேட்டாள். மூடியில் என்றார் அம்மையப்பன். மூடியில் எங்கே? நட்ட நடுவில், மூன்று வரி, என் தகப்பனார் காட்டிக் கொடுத்தது என்றார். பிருந்தா மூடியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பித்தளையில் அவர் முகம்தான் தெரிந்தது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எழுபது வயதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் அந்தச் செல்லத்தைத் தொட்டார். தொட்டதே அவருக்கு உறைக்கவில்லை.

"மூடியை மாத்திட்டாங்களா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"மாத்தல" என்றாள் ஞானம்பாள். "தேஞ்சு போச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாலுகா ஆபீஸில் ஒரு கட்டுக் காகிதம் காணாமல் போனால் எப்படி முழிப்பாரோ அப்படி முழித்தார்.

பிருந்தாவுக்கும் சங்கடம்தான். யாராவது எழுத்தை மைப்படி எடுத்து வைத்திருக்கிறார்களா, அதாவது மூடியில் காகிதத்தை ஒற்றி மை தடவிப் பிரதி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு போட்டோவாவது? அம்மையப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய தகப்பனார் காலத்தில் காலேஜ் வாத்தியார் ஒருவர் அதற்கென்றே மதுரையிலிருந்து காகிதமும் மையுமாக வந்தார். தளகர்த்தர் செல்லத்தில் கண்டவன் கை படுவதா என்று தகப்பனார் அவரைத் தெருமுனை வரை விரட்டிவிட்டு வந்தார். போட்டோ பிடிக்க வந்தவனுக்கும் அதே மரியாதைதான். அம்மையப்பன் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

பிருந்தா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பொருள் மூன்றும் நல்ல பொருள், அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும், அதில் தடையில்லை என்றாள். ஞானம்பாளுக்கு மூச்சு வந்தது. ஆனால் வயிரவநாதருடையது என்று எழுத முடியாது. குடும்பத்தார் சொல்லும் செய்தி என்று கோப்பில் ஒரு குறிப்பு போடலாம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வைக்கிற அட்டையில், 'யாருடையது: அறியப்படவில்லை' என்றுதான் வரும். கொடுப்பவர் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

"யாருதுன்னு தெரியலன்னு நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார் அம்மையப்பன்.

"எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சார். கண்ணுல பாக்காததை நான் எழுத முடியாதுல்லா."

"எழுதினது எழுதினதுதான். ஆபீஸ்ல இருந்தவன், அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். "இந்த வீட்டுக்காரனே தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அவரு இல்ல. வேண்டாம்மா. நீங்க சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார்.

ஞானம்பாள் இலை போட்டாள். வீட்டுக்கு வந்த பெண்ணைப் பட்டினி அனுப்ப முடியாது. பருப்புச் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்கூட்டு, அப்பளம். அந்தப் பெண் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். கூட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். ஞானம்பாள் ஓசூர்ப் பேத்தியைப் பற்றிச் சொன்னதும், தனக்கும் அந்தப் பக்கம் ஒரு அக்காள் இருக்கிறாள், அங்கே குளிர் அதிகம், குழந்தைக்குக் குல்லா போட்டு வையுங்கள் என்றாள். ஞானம்பாள் இரண்டாம் தடவை சோறு வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனாள்.

அம்மையப்பன் துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். சாரல் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அவள் வைத்துவிட்டுப் போன இரண்டு கொட்டாங்கச்சிகளும் அங்கேயே கிடந்தன. வாய்க்காலுக்கு அப்பால் நடவுப் பெண்கள் வரப்பில் ஏறிச் சோற்று வாளியைத் திறந்து கொண்டிருந்தார்கள்.

"எப்ப போச்சு?" என்று கேட்டார்.

"ஒரே நாள்லயா போவும்? பைய பையப் போச்சு. கடைசி எழுத்து போயி நாலு வருசமாச்சு."

"நாலு வருசமா நான் இல்லாததைச் சொல்லிக் கும்பிட்டிருக்கேன். நீ பக்கத்துல நின்னு மணி ஆட்டியிருக்க."

அவள் கிணற்றுத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன். வந்த மூணாம் வருசமே அத்தைகிட்டச் சொன்னேன். எழுத்து தேயுது அத்தை, சும்மா துணியால தொடச்சு வச்சா என்னன்னு கேட்டேன். களிம்பு ஏறினா தளகர்த்தருக்கு ஆகாது, நல்லா அழுத்தித் தேய்யின்னாக. சரி, பாப்போம்னு மூணு வாரம் புளி போடாம வச்சேன். என்ன செல்லம் கறுத்துக் கெடக்கு, வீட்டுல பொம்பள இருக்காளா இல்லையான்னு கேட்டது யாரு?"

"யாரு?"

"நீங்கதான்."

அவருக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் முப்பத்தெட்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாள், அவருக்கு அது சொன்னதாகவே நினைவில்லை. ஞானம்பாளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அலுத்தும் போயிற்று.

"தேய்ச்சா எழுத்து போவுது, தேய்க்காட்டா ஏச்சு வருது. நான் என்ன செய்ய? நீங்க ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கையில எடுத்து இந்தா பாருன்னு பாத்திருந்தியன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஆம்பள தொடக் கூடாதுன்னுல்லா வச்சிருக்கு."

"கண்ணால பாக்கக் கூடாதுன்னா வச்சிருக்கு?"

அவர் தலையைத் துடைத்துக்கொண்டார். சாரல் விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. தச்சநல்லூர் ரூமுக்கு இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றார். பெட்டியை யாரோ ஒருத்தருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓசூரில் போய் நிம்மதியாகச் சாப்பிடத் தன்னால் ஆகாது என்றார். அவர் குரலில் வீம்பு இல்லை. அப்பன் செத்த வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது குரல். ஞானம்பாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் முழங்கால் இரண்டும் போயிற்று என்றும் நினைத்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க இருங்க. நான் போறேன்."

"எங்க?"

"ஓசூருக்கு. திங்கக்கெழம சிவகணேஷ் கார் கொண்டு வருதான்லா, அதுல ஏறிருவேன். நீங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி. எனக்கு முடியல. நெசமாவே முடியல. பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு நாள் கெழம பாக்காம இருக்கணும் எனக்கு."

இப்படி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து அந்த வீட்டில் வந்ததில்லை.

"அப்பம் பெட்டிய யாரு பாப்பா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பாருங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழம காலம்பற எந்திரிச்சு, புளிய நல்லா ஊறப்போட்டு, அழுத்தித் தேய்க்கணும். அவ்வளவுதான்."

குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. செய்கிற வேலையைச் செய்கிறபடிக்குத்தான் சொன்னாள். அம்மையப்பன் குனிந்து அந்தக் கொட்டாங்கச்சிகளைப் பார்த்தார். செங்கல் பொடியை இரண்டு விரலால் எடுத்து உரசிப் பார்த்தார். மணல் மாதிரி நறநறவென்றது. இதைப் போட்டா என்று கேட்டார். பின்னே எதைப் போட்டு என்றாள் அவள். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். அவளும் நொண்டிக்கொண்டு பின்னால் போனாள்.

பிருந்தா கை கழுவிவிட்டு, வாளையும் செருப்பையும் அவர்களே வைத்திருந்த மரப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது உள்ளபடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருப்பாள். அம்மையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். படிவத்தைக் கேட்டு வாங்கி முழுதும் வாசித்தார். தாலுகா ஆபீஸ் பழக்கம், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"கொடுக்கிறவர் பேருன்னு எம் பேரு போட்டிருக்கு" என்றார்.

"ஆமா சார். நீங்கதானே விண்ணப்பம் போட்டிய."

"அதை அடிச்சிருங்க. அவ பேரை எழுதுங்க. ஞானம்பாள். நாப்பத்தொரு வருசம் அவ கையிலதான் இருந்தது. அவதான் குடுக்கணும்."

பிருந்தா ஞானம்பாளைப் பார்த்தாள். ஞானம்பாள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதித்துச் சொன்னாரா, இல்லை 'யாருடையது என்று தெரியவில்லை' என்கிற பழி தன் தலையில் விழ வேண்டாம், அவள் தலையோடு போகட்டும் என்று சொன்னாரா, அவளுக்குப் பிடிபடவில்லை. நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தும் பிடிபடவில்லை. கேட்கலாம்தான். கேட்டால் அவர் ஒன்று சொல்லுவார், அதற்கு இவள் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தெம்பு அவளிடம் இல்லை.

பிருந்தா பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதினாள். பிறகு படிவத்தை அவள் முன்னால் வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் காட்டினாள். பொருள், பித்தளைத் தாம்பூலச் செல்லம். யாருடையது, அறியப்படவில்லை. எழுத்துப் பொறிப்பு, இல்லை. அந்த இடத்தில் பேனா நின்றது.

"எழுத்து இருந்து போயிருந்தா, ஏன் போச்சுன்னு காரணம் எழுத ஒரு இடம் இருக்கும்மா" என்றாள் பைய. "கட்டாயம் இல்ல. வேண்டாம்னா விட்டுரலாம். காலத்தால தேஞ்சதுன்னு போட்டாலும் போதும்."

காலத்தால் என்று போடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அம்மையப்பன் சுவரிலிருந்து கண்ணைத் திருப்பினார். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் போல.

"காலம் எங்க தேய்ச்சுது?" என்றாள் ஞானம்பாள். "நான் தேய்ச்சேன். எம் பேரப் போட்டு எழுதுங்க. வெள்ளிக்கெழம தவறாம, நாப்பத்தொரு வருசம்னு எழுதுங்க."

பிருந்தா ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினாள். அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி எழுத வேண்டியிருந்தது. ஞானம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். சரியாக இருந்தது. பேனாவை வாங்கி, புளிக்கறை போகாத விரலால், அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.